பாதத்தில் ஒரு கறுப்புக் கோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இன்றைக்கு மரக்காணத்தில் மூன்று கருவாட்டுக் கொட்டகையும் ஓர் உப்பளமும் எனக்குச் சொந்தம். யாரும் கைதூக்கி விட்டு நான் மேலே வரவில்லை. அதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத காரியம் ஒன்று இருக்கிறது. கடலில் கிடக்கிற ஓடில்லாத நத்தை ஒன்றை, அது இன்ன இனம்தான் என்று சொல்ல முடியாமல் படித்தவர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சொல்ல வைத்தவள் நான். எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ வயது.

அனுமந்தைக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போய் நண்டு வலை போடுவார். சாயங்காலம் போட்ட வலையை விடிகிற நேரத்தில் இழுத்துக்கொண்டு வருவார்கள். அதைக் கரையில் விரித்து, சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பது பெண்கள் வேலை. நண்டு மட்டுமா வரும்? சங்கு, கல், பாசி, பஞ்சு மாதிரி ஒன்று, விசிறி மாதிரி ஒன்று என்று கடலடியில் கிடக்கிற குப்பையெல்லாம் கூடவே வரும். நண்டைக் கூடையில் போட்டுவிட்டுக் குப்பையை மணலில் வீசுவோம். என் விரல் வேகத்துக்கு அந்தக் கரையில் ஆள் கிடையாது. மற்றவள் ஒரு வலை முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன். ஒரு நண்டின் காலைக்கூட ஒடிக்க மாட்டேன்.

வலை முடிந்ததும் மற்றப் பெண்கள் மீன் விற்க ஊருக்குள் போவார்கள். நான் உப்பளத்துக்குப் போவேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் உப்பு வாரும் கூலிக்குப் போகிற வழக்கமே இல்லை. "கடல்காரன் பொண்டாட்டி சேத்துல போய் நிக்கிறா" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தியும் பிற்பாடு உப்பளம் வாங்கவில்லை.

அந்த வருஷம் மாசி மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சர் வந்து மரக்காணத்தில் அறை எடுத்துத் தங்கினாள். என் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். காலேஜில் பெரிய படிப்புக்காக ஏதோ எழுதுகிறாளாம். தினமும் விடியற்காலை முதல் பஸ்ஸில் எங்கள் கரைக்கு வருவாள். நாங்கள் வீசிய குப்பையைக் கிளறுவாள். கிளறி எதையாவது எடுத்துச் சின்னச் சின்னப் பாட்டிலில் போடுவாள். ஆண்கள் அவளைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நான்தான் நேரே போய்க் கேட்டேன். "இன்னா டீச்சர் தேடுறீங்க? சொன்னா நான் எடுத்துத் தரமாட்டேனா?"

"ஓடு இல்லாத நத்தைங்கக்கா. நத்தைதான், ஆனா முதுகுல ஓடு இருக்காது. வழவழன்னு கலர் கலரா இருக்கும்."

"கறுப்பா, நீலக் கோடு போட்டு, மேல மஞ்சள் மொட்டு வச்ச மாதிரி ஒண்ணு இருக்குதே, அதுவா?"

டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். "அதை எங்க பாத்தீங்க?"

எங்கே பார்த்தேனா? என் கையாலேயே எத்தனையோ எடுத்து வீசியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் அதை விஷப்பூச்சி என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை தெரியாமல் அதை நண்டுச் சட்டித் தண்ணீரில் விட்டுவிட்டாள். சட்டியில் இருந்த நண்டு பூராவும் செத்து மிதந்தது. அன்றிலிருந்து அதைக் கண்டால் முதலில் தூக்கி எறிவோம். அது எல்லா வலையிலும் வராது. பாருக்குப் பக்கத்தில் போட்ட வலையில்தான் வரும். கடலடியில் கல் கிடக்கிற இடத்தைத்தான் பாரு என்பது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். என் பேச்சை ஒருத்தர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலைந்து நாளில் ஒன்று வந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். கறுப்பு உடம்பு. நீளவாக்கில் நீலம் பூசின வரப்புகள். வரப்பின் மேல் வரிசையாக மஞ்சள் மொட்டுகள். பட்டுப் புடவைக்காரன்கூட அந்த மூன்று கலரையும் அப்படிச் சேர்க்க மாட்டான். டீச்சர் கையில் கொடுத்தேன். அவள் அதை அங்கேயே ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள். போட்டதும் அது சுருண்டு, வற்றல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் மஞ்சள் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் நீலமும் வெளிறிவிட்டது.

"கலர் போனா பரவாயில்லக்கா, நான் எழுதி வச்சிட்டேன்" என்றாள். பாட்டிலைத் தன் காலேஜுக்கு அனுப்பினாள். அங்கே அவளுக்கு மேலே ஒரு பெரிய வாத்தியார் இருந்தார். அவர் சரி என்று சொன்னால்தான் இவள் எழுதியது செல்லும்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. டீச்சர் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்கே வந்துவிட்டாள். நான் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாரியைப் போட்டுவிட்டு மேலே ஏறினேன்.

"படிங்க" என்றேன்.

அவள் படித்தாள். இந்தப் பிராணி பவளப் பாறையில் வாழ்வது. மரக்காணம் பக்கம் மணல்தான், பவளப் பாறை கிடையாது. பாட்டிலில் இருப்பது சுருண்டு போயிருக்கிறது, பாதம் தெரியவில்லை, அதனால் இன்ன இனம் என்று சொல்ல முடியாது. போன வருஷம் ராமேஸ்வரத்தில் சேகரித்த பாட்டிலோடு இது கலந்திருக்கலாம். ஒரு பாட்டில் இப்படிக் கலந்திருந்தால் மற்றப் பாட்டில்களையும் சந்தேகப்பட வேண்டும். இதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குதே. ஏன் நிறுத்திட்டீங்க?" கடிதம் தமிழில்தான் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எத்தனை வரி என்று எண்ணத் தெரியாதா?

"அது ஒண்ணுமில்லக்கா."

"படிங்க டீச்சர்."

"மீன் பிடிப்பவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, இங்கே கிடைத்தது என்று அவர்கள் சொல்வதை நம்பக் கூடாது."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

"அப்போ நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காரு."

"அப்படி இல்லக்கா…"

"வேற எப்படி?"

அவள் உப்புக் குவியல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய வாத்தியார் அடுத்த வாரம் வியாழக்கிழமை பாண்டிச்சேரி போகும் வழியில் இங்கே வருகிறார். அதற்குள் இந்தக் கடலில் பிடித்த ஒன்றை உயிரோடு காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் இந்த ஒரு பாட்டில் மட்டும் போகாது, இரண்டு வருஷமாகச் சேர்த்த அத்தனை பாட்டிலும் சந்தேகத்தில் போகும். அவள் படிப்பு அத்தோடு நின்றுவிடும். வீட்டில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

"எதைப் பாத்தா அவரு ஒத்துப்பாரு? அதைச் சொல்லுங்க" என்றேன்.

டீச்சர் மூன்று அடையாளம் சொன்னாள். தலையில் இருக்கிற இரண்டு குட்டிக் கொம்பும் மஞ்சளாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் அது வேறு இனம். முதுகில் பூ மாதிரி செவுள் விரிந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதம். புரட்டிப் பார்த்தால் பாதத்தின் நடுவில் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓட வேண்டும். கூடப் பிறந்தது மாதிரி இன்னும் சில இனம் இருக்கிறதாம், அவற்றுக்கு அந்தக் கோடு கிடையாது. கோடு இருந்தால் அதன் பெயர் ஃபில்லிடியா வேரிகோசா. அந்தப் பெயரை அன்றைக்கே நாலு தடவை சொல்லி வாயில் ஏற்றிக்கொண்டேன். இன்றைக்கும் தடுக்காமல் சொல்வேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தேன்.

"நாளையிலேருந்து பாரு மேலயே வலை போடணும்."

"இன்னாடி, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? பாரு மேல போட்டா வலை கல்லுல மாட்டி, கயிறு மட்டும்தான் வீட்டுக்கு வரும்."

"கிழிஞ்சா நான் பின்றேன்."

"நண்டு?"

"வந்தா வருது."

"அந்த டீச்சரு உன் கூடப் பொறந்தவளா? எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?"

"யோவ், அந்தப் பெரிய வாத்தியாரு என்னைப் பொய்க்காரின்னு எழுதியிருக்கான்யா."

அவர் வாயில் வைத்த பீடியை எடுத்தார். "எழுதியே குடுத்துட்டானா?"

"எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கான்."

"வாயால சொன்னா கூடப் பரவாயில்ல" என்றார். அப்புறம் எழுந்து போய் எந்த வலை பழசு என்று பார்க்க ஆரம்பித்தார். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை விடியற்காலை ஒன்று வந்தது. வலை நான்கு இடத்தில் கிழிந்திருந்தது. டீச்சர் பார்த்ததும் துள்ளினாள். நான் அதைத் தண்ணீரில் விட்டுப் பொறுமையாகப் பார்த்தேன். மொட்டெல்லாம் மஞ்சளில்லை, ரோஸ். கொம்பு கறுப்பு.

"இது அது இல்ல டீச்சர்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா. இது வேற." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொல்றதுக்கு முன்னாடி சொல்லிட்டீங்க."

சொல்லமாட்டேனா? ஆண் நண்டு எது, பெண் நண்டு எது என்று இருட்டில் தடவிச் சொல்கிறவள் நான். அந்தக் கறுப்புக் கொம்பனை டீச்சர் தனிச் சட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சரியானது வந்தது. மஞ்சள் கொம்பு, மஞ்சள் மொட்டு, நீல வரப்பு, எல்லாம் இருந்தது. பாதத்தைப் பார்க்கலாம் என்று டீச்சர் தொட்டாள். உடனே அது பந்து மாதிரிச் சுருண்டது. "வேணாம், உயிரோட இருக்கட்டும். வியாழக்கிழமை அவரே பாக்கட்டும்" என்றாள். ஆறு நாள் காப்பாற்ற வேண்டும். அவள் அறையில் அனல் அடிக்கும். "எங்கிட்ட விடுங்க, தண்ணி விஷயம் எனக்குத் தெரியும்" என்று நானே வாங்கிக்கொண்டேன்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். மறைக்கப் போவதில்லை. இந்தக் கரையில் உப்பிலேயே புழங்குகிற என் மாதிரி ஆள்தான் அந்தத் தப்பைப் பண்ண முடியும். உப்பளத்தில் முதல் தொட்டி என்று ஒன்று உண்டு. வாய்க்காலில் வருகிற கடல்தண்ணீரைப் பாத்திக்கு விடுவதற்கு முன்னால் அதில் தேக்கி வைப்பார்கள். தெளிந்த தண்ணீர், மணலே இருக்காது. கடல் தண்ணீரைவிட உப்புக் கொஞ்சம் கூடுதல். கடல் பிராணிக்கு உப்புதானே சோறு, கூட இருந்தால் இன்னும் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். சட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு முதல் தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். மதியம் கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது வெள்ளையாகச் சளி மாதிரி கக்கிவிட்டு, காய்ந்த சுண்டைக்காய் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. விரலால் தொட்டேன். அசையவில்லை.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். "எந்தத் தண்ணி ஊத்தினீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "பரவாயில்லக்கா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பரவாயில்லை என்று சொன்னவளை என்ன செய்வது?

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. மறுநாள் உப்பள மேஸ்திரியிடம் போனேன். அவரிடம் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீரில் விட்டால் அது நட்டுக்குத்தலாக மிதக்கும். எந்தக் கோடு வரைக்கும் முழுகுகிறதோ அதுதான் டிகிரி. அதை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"மேஸ்திரி, அந்தக் குழாயை ஆறு நாளைக்குக் குடு."

"ஏம்மே, இது இன்னா உன் வீட்டு அகப்பையா? உடைச்சா முதலாளி என் முதுகை உடைப்பாரு."

"நீ வச்சிருக்கிற பாத்தியில கரை வழியா தண்ணி கசியுதே, அதை முதலாளி பாத்தாரா?"

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆறு நாளுதான்" என்று குழாயை எடுத்துக் கொடுத்தார்.

கடல்தண்ணீரில் விட்டேன். மூன்று டிகிரி. முதல் தொட்டியில் விட்டேன். ஒன்பது. நான் ஒரு பிராணியை ஒன்பது டிகிரியில் ஊறப்போட்டிருக்கிறேன். நாக்கில் வைத்து "கொஞ்சம் கூடுதல்" என்று சொன்ன என் நாக்கைத்தான் வெட்ட வேண்டும். ஆனால் இனிமேல் என் நாக்கை நம்ப வேண்டியதில்லை, கையில் குழாய் இருந்தது. கறுப்புக் கொம்பன் இருந்த சட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் வற்ற வற்றக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி மூன்றிலேயே நிறுத்தினேன். அது சட்டியைச் சுற்றி உல்லாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணு கிடைச்சாலும் பிரச்சனைதான்" என்றாள் டீச்சர். "கையால தொட்டா சுருளும். ஸ்பிரிட்ல போட்டாலும் சுருளும். அப்புறம் பாதம் எப்படித் தெரியும்? காலேஜ்ல ஒரு உப்பைக் கரைச்சு ஊத்துவோம். அதுல மயங்கி அப்படியே நீட்டிப் படுத்துக்கும். நாளைக்குப் பாண்டிச்சேரி போய்த் தேடணும்."

"இன்னா உப்பு அது?"

"மெக்னீசியம்னு… கடையில பேதி உப்புன்னு கேட்டா குடுப்பாங்க."

"கசக்குமா?"

"ரொம்பக் கசக்கும்."

நான் சிரித்தேன். அந்த ஐந்து நாளில் நான் சிரித்தது அப்போதுதான். பாத்தியில் உப்பு விளைந்து வாரியெடுத்த பிறகு அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரி வழுக்கும். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அதைப் பாத்தியிலேயே விட்டால் அடுத்த உப்பும் கசந்துவிடும் என்று வாய்க்காலில் வெட்டி விடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கடல்தண்ணீர் என்று ஏமாற்றி ஒரு வாய் கொப்பளிக்க வைப்பது எங்கள் விளையாட்டு. ஒரு சொட்டு உள்ளே போனாலும் போதும், அவன் அன்றைக்கு முழுக்க சவுக்குத் தோப்புப் பக்கம்தான்.

"பஸ் ஏறாதீங்க டீச்சர். உங்க பேதி உப்பு எங்க அளத்துல வாய்க்கா வாய்க்காலா ஓடுது."

"அது எப்படிக்கா? ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டும் கசக்குது. ரெண்டும் வயித்தை அடிச்சிக்கிட்டுப் போவுது. வேற இன்னா சாட்சி வேணும்?"

டீச்சர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "இருக்கலாம்கா. இருக்கணும்" என்றாள்.

இந்தத் தடவை அப்படியே ஊற்றவில்லை. கசப்புத் தண்ணீரில் குழாயை விட்டால் முப்பது டிகிரியைத் தொட்டது. கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக் குழாய் மூன்றில் நிற்கும்வரை கலந்தேன். அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிக் கறுப்புக் கொம்பனை அதில் விட்டேன். முதலில் கொம்பை உள்ளே இழுத்தது. அப்புறம் மெல்ல வெளியே நீட்டியது. அரை மணி நேரத்தில் அசைவு நின்றது. விரலால் குத்தினேன். சுருளவில்லை. தூங்குகிற குழந்தையைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டினேன். பாதம் சாம்பல் கலரில் வெறுமையாகத் தெரிந்தது. கோடு இல்லை.

"வேற இனம்னு நிரூபிச்சாச்சு" என்றாள் டீச்சர். அவள் குரல் மாறியிருந்தது. "இனி அது மட்டும் கிடைக்கணும்."

அதுதான் கிடைக்கவில்லை. சனி சாயங்காலத்திலிருந்து திங்கள் மதியம் வரைக்கும் தெற்குக் காற்று அடித்துத் தள்ளியது, கட்டுமரம் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வலை வெறும் கல்லோடு வந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். நான் உப்பளத்துக்குப் போகாமல் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வலையைத் தூக்கும்போது, "நாளைக்கும் வரலேன்னா?" என்றார்.

"வரும்."

"கடலு உனக்கு இன்னா மாமனாரா, சொன்னதும் குடுக்க?"

"பாருக்கு வடக்கால ஓரத்துல போடு. முதல் தடவை அங்கதான் வந்துச்சு. நீ ரெண்டு நாளா வலை கிழியுதுன்னு தெக்கால தள்ளித் தள்ளிப் போடுற. எனக்குத் தெரியாதா?"

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிடிபட்டுவிட்டால் அப்படித்தான் போவார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரிய வாத்தியார் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, கையில் குடை. டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "இவங்கதான் சார் எடுத்துக் குடுத்தது" என்றாள்.

அவர் என்னைப் பார்த்து, "எங்கேம்மா, உயிரோட இருக்கா?" என்றார்.

"இன்னும் கரைக்கு வரல சார். இதோ வருது பாருங்க."

கட்டுமரம் அலையைத் தாண்டிக் கரையேறியது. வலையை மணலில் விரித்தோம். நான் கை வைக்கவில்லை. டீச்சரையும் வைக்கவிடவில்லை.

"சார், நீங்க பிரிங்க."

"நானா?"

"நாங்க பிரிச்சா, பையில வச்சிருந்ததை எடுத்து வலையில போட்டோம்னு சொல்லுவீங்க. மீன் புடிக்கிறவ குடுக்கிறதை நம்பக் கூடாது இல்ல?"

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பெரிய வாத்தியார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குடையை மடித்து மணலில் குத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். அந்த மனிதனைப் பற்றி அதற்குமேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உட்கார்ந்தார் அல்லவா?

கரையே கூடிவிட்டது. முதல் நண்டிலேயே விரலைக் கொடுத்துவிட்டு "ஆ" என்றார்.

"பின்னங்காலைப் புடிங்க சார், முன்னாடி புடிச்சா கை குடுக்கும்" என்று ஒருவன் கத்தினான்.

"சாருக்கு சம்பளம் உண்டா, சும்மாவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாதி வலை போயிற்று. நண்டு, சங்கு, பாசி. முக்கால் வலை போயிற்று. அது கிடைக்காவிட்டால் எனக்கு என்ன, நாளைக்கும் உப்பு வாரப் போவேன். டீச்சர் மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவாள். அவள் என் பின்னால் நின்று என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வலையின் கடைசியில் ஒரு கல் மாட்டியிருந்தது. இளநீர்க் காய் பெரிசு. பெரிய வாத்தியார் அதைக் கழற்றித் தள்ளிவிடப் பார்த்தார். அப்புறம் கையை நிறுத்திக் கண் அருகே கொண்டுபோனார். கல்லின் ஒரு பக்கத்தில் தேன்கூடு மாதிரிக் குட்டிக் குட்டிக் குழி. குழிக்குள் ஈரமாக ஏதோ அசைந்தது.

"பவளம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, கல்லிடம் சொன்னார். "உயிரோட."

"அடிப்பக்கம் திருப்புங்க சார்" என்றேன்.

திருப்பினார். சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று கல்லில் ஒட்டியிருந்தது. பஞ்சின் மடிப்பில், கறுப்பும் நீலமும் மஞ்சளுமாக அது உட்கார்ந்திருந்தது. கொம்பை நீட்டிற்று. மஞ்சள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பீங்கான் தட்டையும் முன்பே மூன்று டிகிரிக்குக் கலந்து வைத்திருந்த கசப்புத் தண்ணீரையும் கொண்டுவந்தேன். அவர் கண்ணெதிரே குழாயை விட்டுக் காட்டினேன். "இது என்ன சொல்யூஷன்?" என்று டீச்சரைக் கேட்டார். அவள் இங்கிலீஷில் விளக்கினாள். நடுவில் என்னைக் கை காட்டினாள். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

"துப்பிடுங்க சார்! பாண்டிச்சேரி போய்ச் சேரணுமில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். அது நீட்டிப் படுத்து அடங்கியது. பெரிய வாத்தியார் தானே இரண்டு விரலால் அதைப் புரட்டினார். சாம்பல் நிறப் பாதம். நடுவில், தலைப்பக்கத்திலிருந்து வால்வரைக்கும், மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "ஃபில்லிடியா வேரிகோசா."

கூட்டம் ஹோவென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, அதேதான்" என்றார். டீச்சர் என் தலைப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் பேனாவை எடுத்துச் சீட்டு எழுதினார். எத்தனை ஆழம் என்று வீட்டுக்காரரைக் கேட்டார். "ஏழு பாகம் இருக்கும் சார்" என்றார் இவர். இரண்டு கையையும் விரித்த நீளம்தான் ஒரு பாகம். அதையும் எழுதிக்கொண்டார். மற்றப் பாட்டில்களை எல்லாம் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். அவற்றைப் பற்றி இனி யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள் என்று டீச்சரிடம் சொன்னார். பிறகு பாட்டிலில் போடுவதற்காகத் தட்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.

"அந்தக் கடுதாசி கொண்டாந்தீங்களா டீச்சர்?" அவள் பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து நாளாக அவள் அதைக் கீழே வைத்ததில்லை. "சாருகிட்ட குடுங்க. கடைசி வரி ஒண்ணு இருக்குது. அதை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

"அக்கா, வேணாம்" என்றாள் டீச்சர் மெதுவாக.

"ஏன் வேணாம்? எழுதினது அவரு. அடிக்க வேண்டியதும் அவருதானே?"

பெரிய வாத்தியார் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் எழுதியதை அவரே முதல் தடவை படிக்கிற மாதிரிப் படித்தார். தட்டில் தண்ணீர் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையின் மேல் தாளை வைத்து அந்த வரியை அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதி என்னிடமே நீட்டினார்.

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியான வரிதான். அதற்குப் பிறகுதான் தட்டைக் கொடுத்தேன். டீச்சர் ஸ்பிரிட்டை ஊற்றினாள். அது சுருளவில்லை. பாதம் வெளியே தெரிகிற மாதிரி நீளமாகவே கிடந்தது. அவள் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூடியை இறுக்கித் திருகினாள்.